சுளுக்கு என்று நினைத்த கால்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களில் காய்ந்த இடம் என்று வரப்பு மட்டும்தான் மிஞ்சும். கீழணையில் இருந்து வடவாறும் வடக்கு ராஜன் வாய்க்காலும் கொண்டுவரும் தண்ணீர் ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமழை ஒரு பக்கம். சம்பா தூர் கட்டும் நேரம். வளையில் தண்ணீர் புகுந்ததும் எலி வரப்பு மேட்டுக்கு ஏறும். எலி போன இடத்துக்குப் பாம்பும் போகும். அதே வரப்பில்தான் விவசாயியும் மடை பார்க்க நடந்தாக வேண்டும்.

குமராட்சிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நேர்ந்தது இது. பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. மூன்று ஏக்கர் சம்பா, இரண்டு கறவை மாடு, மணி என்று ஒரு நாட்டு நாய். வீட்டில் மனைவி, சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போய் வரும் மகள். மணி நல்ல காவல் நாய்தான். ஆனால் அடுத்த வீட்டுக் கோழிகளை இரண்டு முறை துரத்தி, அதில் ஒன்றைத் தின்றும் விட்டது. கோழிக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் ஆனபோது, இனி பகலில் நாயைக் கட்டித்தான் வைப்பது என்று பேச்சு. அதிலிருந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடத்திவிட்டு வருவது அவர் வேலை. அப்படியே மடையையும் பார்த்துவிடலாம்.

அந்த நாள் விடியும்போதே அலைச்சலாக விடிந்தது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அடங்கலில் ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு தப்பாக ஏறியிருந்தது. தம்பியோடு பாகம் பிரித்தபோது வந்த வினை. இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் கடலூரில் ஒரு அலுவலகத்தில் கேளுங்கள் என்று கைகாட்டினார்கள். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, சிதம்பரத்தில் பஸ் மாறி, கடலூர் போய்ச் சேர்ந்தபோது பத்து. பார்க்க வேண்டியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியம் இரண்டரை வரை ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கடைசியில் வந்தவர் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு நகல் குறைகிறது என்றார். திரும்பி வரும்போது மழை. புதுச்சத்திரம் தாண்டி சாலையில் மரம் ஒடிந்து கிடந்ததால் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. மத்தியானச் சாப்பாடு ஒரு டீயும் இரண்டு வடையும்தான்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறேகால். கார்த்திகையை ஒட்டிய மாதத்தில் அது முழு இருட்டு. நாய் காலையில் இருந்து கட்டிக் கிடந்த கோபத்தில் குரைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தது. "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் மனைவி. "இத ஒரு நடை நடத்திட்டு மடையையும் பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். டார்ச் லைட் மோட்டார் கொட்டகையில் இருந்தது. செல்போனில் சார்ஜ் இல்லை. வரப்பு வழுக்கும் என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பார். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் போகிறார். பசியும் சலிப்பும் சேர்ந்தால் கொட்டகை வரை போகும் ஐம்பது அடிகூட வெட்டி நடையாகத் தோன்றும்.

வாய்க்காலில் இருந்து அவர் வயலுக்குப் பிரியும் மடை அருகே நாய் நின்று புல்லுக்குள் மூக்கை விட்டது. எலி வளையைக் கண்டால் மணிக்கு அது வழக்கம். தவளைச் சத்தம் காதை அடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி விரியன் சீறினால் குக்கர் ஆவி விடுவதுபோலக் கேட்கும் என்பார்கள்; அவருக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. நாய் வீறிட்டுப் பின்னால் பாய்ந்தது. கையில் சுற்றியிருந்த சங்கிலி அவர் காலை வளைத்து இழுக்க, வரப்பில் இருந்து சறுக்கி, ஒரு கால் வயலிலும் ஒரு கால் புல்லிலுமாக விழுந்தார். வலது கணுக்காலில் சுரீர் என்றது. கால் மடங்கிவிட்டது என்று நினைத்தார். அப்படித்தான் யாருக்கும் தோன்றும். விழுந்தோம், கால் வலிக்கிறது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். கால் கணுவுக்கு மேல் வீங்கத் தொடங்கியிருந்தது. மைத்துனர் அந்த நேரம் பார்த்து வந்திருந்தார். "சுளுக்குதான் மாமா, நீவி விட்டா சரியாப் போயிடும்" என்று நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நீவினார். தெருக்கோடிக் கடையில் வலி மாத்திரை ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். ஆனால் விரியன் கடித்த காலுக்கு இந்த இரண்டையும் போலக் கெடுதல் வேறில்லை. நீவினால் விஷம் சீக்கிரம் உடம்பில் ஏறும். விஷத்தால் இரத்தம் உறையும் தன்மையை இழந்துகொண்டிருக்கும்போது சாதாரண வலி மாத்திரைகள் பலவும் இரத்தக் கசிவை இன்னும் கூட்டிவிடும்.

வீட்டில் இருந்தவர்களின் கவனம் காலில் இல்லை, நாயிடம் இருந்தது. மணியின் முகம் ஒரு பக்கமாக உப்பி, கண் மூடிப்போயிருந்தது. குளவி கொட்டியிருக்கும் என்று ஒருவர், கதண்டு என்று ஒருவர். மகள் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் வைத்துப் பார்த்தாள். நாய் குடிக்கவில்லை. எட்டு மணி சுமாருக்கு மூக்கில் இருந்து இரத்தம் சொட்டியது. எட்டேகாலுக்கு மாட்டுக் கொட்டகை ஓரம் போய்ப் படுத்தது, எழவில்லை.

மனைவிதான் முதலில் சொன்னார். "ஏங்க, குளவி கொட்டி நாய் சாவுமா? மூக்குல ரத்தம் வருமா?" பிறகு கணவர் காலைப் பார்த்தார். எண்ணெய் நீவிய துணியில் சிவப்பு. விழும்போது முழங்காலில் ஏற்பட்ட சிறு சிராய்ப்பில் இருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மகள் செல்போன் வெளிச்சத்தில் கணுக்காலைத் துடைத்துப் பார்த்தாள். வீக்கத்தில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. இரண்டு பல் பதிந்த அடையாளம் கண்டிப்பாக இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒன்றுதான் இருக்கலாம், கீறல் மாதிரி இருக்கலாம், வீங்கிய பிறகு தெரியாமலும் போகலாம். பாம்பைப் பார்க்கவில்லை என்பதால் பாம்பு கடிக்கவில்லை என்று ஆகிவிடாது.

அதற்குள் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கயிறு எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டச் சொன்னார் ஒருவர். பிளேடால் கீறி இரத்தத்தை விடச் சொன்னார் இன்னொருவர். சிறியாநங்கை இலையை அரைத்துக் கொடுத்தால் இறங்கிவிடும் என்றும், பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவர் இருக்கிறார் என்றும் பேச்சு. மகள் சத்தம் போட்டாள்: "ஒண்ணும் வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போவோம்." அவள் கல்லூரியில் இதைப் பற்றி ஒரு வகுப்பு நடந்திருந்தது. அந்த வகுப்பு இல்லாவிட்டால் கயிறு கட்டியிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. இறுக்கிக் கட்டினால் அதற்குக் கீழே இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரேயடியாக மேலே ஏறும். விரியன் கடித்த காலைக் கீறினால் அந்தக் காயத்தின் இரத்தத்தை நிறுத்தவே முடியாது.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். காலில் இருந்த வெள்ளி வளையத்தைக் கழற்றினார்கள். காலை அசைக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மட்டை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டினார்கள். 108-க்குச் சொன்னார்கள், ஆனால் வண்டி வந்து சேர நேரமாகும் என்று தெரிந்ததும் எதிர்வீட்டு டாடா ஏஸில் பாய் விரித்துப் படுக்க வைத்துக் கிளம்பிவிட்டார்கள். ஒரு அடிகூட நடக்க விடவில்லை. பாம்பைத் தேடி யாரும் தடியோடு வாய்க்காலுக்குப் போகவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. இருட்டில் தேடப் போனவர் கடி வாங்கி வந்த சம்பவங்கள் உண்டு. செத்த பாம்பின் தலைகூடச் சிறிது நேரத்துக்குக் கடிக்கும்.

பாம்பைக் கொண்டுபோகத் தேவையும் இல்லை. நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. எந்தப் பாம்பு என்று மருத்துவர் உடம்பின் குறிகளை வைத்தே கணித்துவிடுவார். விரியன் என்றால் வீக்கமும் இரத்தக் கசிவும். நல்லபாம்பு, கட்டுவிரியன் என்றால் கண் இமை சொருகும், பேச்சு குழறும், மூச்சுத் திணறும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போய்விடும்; விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்திருப்பார்.

அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதேகால். கடித்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே போனதும் கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் நிறுத்தி வைத்தார்கள். "ஊசி போடாம இத வேடிக்கை பாக்கறாங்களே" என்று மைத்துனருக்கு ஆத்திரம். அந்த வேடிக்கைதான் சோதனை. 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். நல்ல இரத்தம் என்றால் உறைந்து கட்டியாகி அடியில் நிற்கும். விரியன் விஷம் ஏறிய இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். பிளாஸ்டிக் குழாய் மட்டும் கூடாது, கண்ணாடிதான் வேண்டும்.

அவர் இரத்தம் ஓடியது. உடனே பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து சலைனில் கலந்து ஏற்றினார்கள். ஏறும்போதே உடம்பு தடித்து, குளிர் நடுக்கம் எடுத்தது. மருந்தே ஆளைக் கொல்லப் பார்க்கிறது என்று வெளியே அழுகை. குதிரையின் இரத்தத்தில் இருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்கு அப்படி ஒவ்வாமை வரும். அதைச் சமாளிக்கும் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். இதனால்தான் வீட்டிலோ, ஊசி போட மட்டும் தெரிந்த ஒருவரிடமோ இதைச் செய்துகொள்ள முடியாது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் குழாய்ச் சோதனை. இன்னும் உறையவில்லை. மறுபடியும் மருந்து. மறுநாள் மத்தியானம்தான் குழாயில் இரத்தம் கட்டியாக நின்றது.

அதோடு தீரவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்து, அளவும் குறைந்தது. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கும். தாமதம் கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். பதினோராம் நாள் வீடு திரும்பினார். முதல் இரண்டு மணி நேரம் எண்ணெய் நீவிக்கொண்டு இராமல் இருந்திருந்தால் டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம்.

நாய் தன் உயிரைக் கொடுத்து எசமானைக் காப்பாற்றியது என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால், மணி எலி வளையைக் கண்டு மூக்கை விட்டது, கடி வாங்கியது, அதன் சங்கிலி இழுத்துத்தான் அவர் புல்லில் விழுந்தார். தியாகம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் நாய் செத்திராவிட்டால் சுளுக்கு என்றே அந்த வீடு படுத்துத் தூங்கியிருக்கும், அதுவும் உண்மை. அவர் மனைவியிடம் இந்த விளக்கமெல்லாம் எடுபடாது. மருத்துவமனையில் இருந்து வந்த மறுநாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அதைப் புதைத்த இடத்தில் ஒரு கனகாம்பரச் செடி வைத்தார்.

நாயை அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்கலாம். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் மாட்டுக்கும் போடுகிறார்கள். மேயும்போதும் முகரும்போதும் கடிபடுவதால் கால்நடைகளுக்குப் பெரும்பாலும் மூக்கிலும் உதட்டிலும்தான் கடி இருக்கும். திடீரென்று முகம் ஒரு பக்கம் வீங்கினால் குளவி என்று விட்டுவிடாமல் 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்; கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது.

அந்த விஷமுறிவு மருந்துக்கும் நம் மாநிலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் மருந்து நிறுவனங்களுக்குப் பாம்பு விஷம் கொடுத்துவருகிறது. உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரை உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த அறிவுக்காகத்தான். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இன்று நண்டும் இறாலும் பிடிக்கும் இருளர்களின் முன்னோர் நம் வயல்களில் எலி பிடித்துக் கொடுத்தவர்கள். எலி வளையைப் பார்த்து உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்லிவிடுவார்கள். நாம் அவர்களை விட்டுவிட்டு விஷ மாத்திரைக்கு மாறினோம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தினர். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. அதன்படி தனியார் மருத்துவமனைகளும் கடிபட்டு வருகிறவர்களின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தப் பகுதியில் எந்த மாதத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால் மருந்தை அங்கே முன்கூட்டியே வைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்துக்குக் காசு இல்லை.

பூண்டுக் கரைசல் தெளித்தால் பாம்பு வராதா, பினாயில் ஊற்றினால் போய்விடுமா, சிறியாநங்கை நட்டால் அண்டாதா என்று மழைக்காலம் வந்தாலே விவசாயிகள் கேட்பதுண்டு. இவற்றை நம்பி இருட்டில் இறங்க முடியாது. வரப்பைச் சிறியதாக, புல் இல்லாமல் வெட்டி அண்டை கட்டி வைத்தால் எலிக்கு வளை தோண்ட இடம் குறையும். தஞ்சாவூர்க் கிட்டி வைக்கலாம், ஆந்தை உட்காரக் குச்சி நடலாம். எலி குறைந்தால் பாம்பும் குறையும். வைக்கோல் போரையும் விறகு அடுக்கையும் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைப்பது நல்லது. ரப்பர் பூட்ஸ் நாற்றங்காலுக்குள்ளும் சேற்றிலும் உதவாது, காலோடு பிடித்துக்கொள்ளும். வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் உதவும். கணுக்காலுக்கு மேல் மூடினாலே பெரும்பாலான கடியைத் தடுத்துவிடலாம். கையில் தடி இருந்தால் முன்னால் தட்டிக்கொண்டு போகலாம். நிலத்தின் அதிர்வு பாம்புக்குத் தெரியும். ஆனால் கண்ணாடி விரியன் எல்லாப் பாம்பையும் போல விலகி ஓடாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் தடியோடு வெளிச்சமும் வேண்டும். பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் வட்டப் புள்ளிகள் இருக்கும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையால் பிடித்தவர்கள் உண்டு.

காப்பீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் டயாலிசிஸ் வார்டில் இருந்தபோது கடைசி நாள் வந்துவிட்டது. மனைவி மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, குறைந்த அந்த ஒரு நகலையும் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துச் சான்று வாங்கி, சாயங்காலம் நாலரைக்குப் பொதுச் சேவை மையத்தில் பணம் கட்டினார். பிரச்சினை இருந்த அந்த உட்பிரிவை விட்டுவிட்டு, சரியாக இருந்த இரண்டு ஏக்கருக்கு மட்டும். முழுவதற்கும் கட்ட வேண்டும் என்று காத்திருந்தால் ஒன்றுக்கும் கட்டியிருக்க முடியாது. இதை முதல் நாளே யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் கடலூர் போகும் வேலையே இருந்திருக்காது.

இப்போது அவர் மாதம் ஒருமுறை சிதம்பரம் போய் இரத்தத்தில் உப்பு அளவு பார்த்துக்கொண்டு வருகிறார். கிரியாட்டினின் இறங்கியிருக்கிறது, வலி மாத்திரை மட்டும் வாயில் போடக் கூடாது என்று கண்டிப்பு. டார்ச் லைட் இரண்டு வாங்கி, ஒன்று வாசல் ஆணியில் தொங்குகிறது. தை மாதம் அறுப்பு முடிந்த கையோடு மகள் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. அதைக் கட்டிப் போடுவதா, அவிழ்த்து விடுவதா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். அடுத்த வீட்டில் இந்த வருடம் கோழிகள் இன்னும் அதிகம்.